சைட்டுக்குள் இப்போது எத்தனை பேர்? கட்டட வேலையில் ஆள் கணக்கு வைக்கும் முறை

கேள்வி: சென்னைப் புறநகரில் ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்தத் தளம்) ஐந்து மாடியுமாக ஓர் அடுக்ககம் கட்டுகிறோம். ஐந்து மேஸ்திரிகள், வேலையைப் பொறுத்து 90 முதல் 120 ஆட்கள், பாதிக்கு மேல் வடமாநிலத்தவர். ஆட்களின் விவரம் நோட்டிலும் வாட்ஸ்அப்பிலும் சிதறிக் கிடக்கிறது. சாஃப்ட்வேர் வாங்கலாமா? எந்தெந்த விவரம் கண்டிப்பாக வேண்டும்?

பதில்:

சாஃப்ட்வேரை மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். நோட்டில் எழுதினாலும் கம்ப்யூட்டரில் ஏற்றினாலும், யார் வாயால் கேட்டு எழுதுகிறீர்கள் என்பதில்தான் கோளாறு இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேஸ்திரி போனில், "சார், கொத்தனார் ஆறு, பெரியாள் நாலு, சித்தாள் அஞ்சு" என்கிறார். சூப்பர்வைசர் அதை குரூப்பில் போடுகிறார். ஆபீஸில் ஒருவர் எக்செல்லில் ஏற்றுகிறார். மூன்று கை மாறி வந்த அந்தக் கணக்கில் ஒரு பெயர்கூடக் கிடையாது. பெயர் இல்லாத கணக்கை வைத்துக் கூலி போட முடியாது, பி.எஃப். கட்ட முடியாது, விபத்து நடந்தால் யாரைத் தேடுவது என்றும் சொல்ல முடியாது. ஐந்து லட்சம் கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேரும் அந்த 6-4-5ஐத்தான் அழகாகச் சேமித்து வைக்கும்.

2023 நவம்பர் 12 அன்று உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் மண் சரிந்தபோது, உள்ளே 40 பேர் சிக்கியிருப்பதாகத்தான் முதல் சில நாள் சொன்னார்கள். பிறகுதான் 41 என்று திருத்தினார்கள். போக வர ஒரே வாய் உள்ள சுரங்கத்திலேயே இந்த நிலை. நம் பக்கத்தில் மௌலிவாக்கம்: 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள், ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாடு எனப் பல ஊர் ஆட்கள். இடிபாட்டைத் தோண்ட வருகிறவர் முதலில் கேட்பது "உள்ளே யார் யார்?" என்றுதான். அந்தப் பட்டியலைக் கட்டடத்துக்கு வெளியே நின்றுகொண்டு, கரண்ட் இல்லாமல், இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும். அது முடிந்துவிட்டால் கூலி, பி.எஃப்., உற்பத்திக் கணக்கு எல்லாம் அதே பட்டியலிலிருந்து தானாக வந்துவிடும்.

முதல் வேலை, ஆளுக்கு ஒரு எண். நான்கு இலக்கம் போதும். இந்த எண் சைட்டுக்கு உரியது இல்லை, உங்கள் நிறுவனத்துக்கு உரியது. சத் பூஜை என்ற வடமாநிலப் பண்டிகைக்கு ஊருக்குப் போனவர் மூன்று மாதம் கழித்து உங்களுடைய வேறொரு சைட்டில் வந்து நின்றாலும் அதே எண்தான். வேலையை விட்டுப் போனவரின் எண்ணை இன்னொருவருக்குத் தரவே கூடாது. எண்ணுக்குள் எதையும் ஒளித்துவைக்காதீர்கள். "எம்" என்றால் கொத்தனார், "3" என்றால் மூன்றாவது மேஸ்திரி என்று புத்திசாலித்தனமாக ஆரம்பிப்பார்கள். ஆறு மாதத்தில் உதவியாளாக வந்த பெரியாள் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொள்வார், கேங் (ஒரு மேஸ்திரியின் குழு) மாறுவார், எண் பொய்யாகிவிடும். தொழில், மேஸ்திரி, கூலி விகிதம் மூன்றும் மாறக்கூடியவை. அவற்றைத் தேதியோடு தனியாக எழுதுங்கள்.

சேரும் நாளில் ஆளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். அந்தக் கால் மணியில் என்ன கேட்பது என்பதில்தான் பல சைட்டுகள் கோட்டை விடுகின்றன.

பெயரை இரண்டு விதமாக எழுதுங்கள். ஒன்று, ஆதாரில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல், ஓர் எழுத்தும் பிசகாமல். இன்னொன்று, சைட்டில் அவரைக் கூப்பிடும் பெயர், தமிழில். ஒரே ஆள் ஆதாரில் "எம்டி ரபிகுல்", வங்கியில் "முகமது ரபிகுல் சேக்", மேஸ்திரி சீட்டில் "ரபி" என்று இருப்பார். தமிழ் ஆட்களுக்கும் இதே தொல்லைதான்: "கே. முருகன்", "முருகன் கே", "முருகன் கந்தசாமி". பி.எஃப். பணம் எடுக்கும்போது தடை விழுவது பெரும்பாலும் இந்த முன்னெழுத்தில்தான்.

பிறந்த தேதியை மேஸ்திரியிடம் கேட்காதீர்கள், ஆதாரைப் பார்த்து எழுதுங்கள். நிறைய பேருக்கு ஜனவரி 1 என்று இருக்கும். பிறந்த வருடம் மட்டும் தெரிந்து பதிவு செய்தவர்கள். அதையும் அப்படியே எழுதுங்கள், நீங்கள் திருத்தப் போக வேண்டாம். 18 ஆகவில்லை என்று தெரிந்தால் அங்கேயே திருப்பி அனுப்புங்கள். வயது வெறும் சம்பிரதாயம் இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. ஈ.எஸ்.ஐ. வராத ஆள் வேலையில் இறந்தால், 1923-ஆம் வருடச் சட்டத்திலிருந்து வருகிற இழப்பீட்டு முறைப்படி, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய பெருக்கு எண்ணால் பெருக்குவார்கள். 2020-இல் வைத்த சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அதன்படி பாதி 7,500. 25 வயதுக்குப் பெருக்கு எண் 216.91, அதாவது 16,26,825 ரூபாய். 40 வயதுக்கு 184.17, அதாவது 13,81,275 ரூபாய். வயதைக் குத்துமதிப்பாக எழுதினால் ஒரு குடும்பத்துக்கு இரண்டரை லட்சம் கூடவோ குறையவோ போகும். இன்ஷூரன்ஸ் கம்பெனியும் உங்கள் பதிவேட்டைத்தான் முதலில் கேட்கும். பாலிசி எடுக்கும்போது 40 பேர், சம்பளம் 9,000 என்று பிரீமியத்தைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், 110 பேர் என்றிருந்தால் க்ளெய்ம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். மேஸ்திரிகளின் ஆட்களும் அதில் சேர்ந்திருக்கிறார்களா என்று பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்.

அவசரத் தொடர்பு எண் என்ற கட்டத்தை உங்கள் நோட்டில் இப்போதே பாருங்கள். முப்பது பேருக்கு ஒரே எண் இருந்தால் அது மேஸ்திரியின் எண். விபத்து நடந்ததும் முதலில் அணைந்துபோகும் போனும் அதுவாகத்தான் இருக்கும். வீட்டில் உள்ள ஒருவரின் எண் வேண்டும். எழுதிய கையோடு அந்த ஆளை விட்டே ஒருமுறை கூப்பிடச் சொல்லிச் சரிபார்க்கலாம். முகவரியில் மாவட்டம், கிராமத்தோடு காவல் நிலையத்தின் பெயரும் இருக்கட்டும். பீகார், வங்காளம், ஒடிசா முகவரிகளில் "தானா" என்று வருவது அதுதான். ஒரே பெயரில் பல கிராமங்கள் இருக்கும் மாவட்டங்களில் அது இல்லாமல் வீட்டைக் கண்டுபிடிக்கப் படாத பாடு பட வேண்டியிருக்கும்.

ரத்த வகையைப் பற்றி ஒரு வார்த்தை. பரிசோதித்த சீட்டு இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் காலியாக விடுங்கள். அடையாள அட்டை அச்சடிக்கக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று எல்லோருக்கும் "ஓ பாசிட்டிவ்" போடும் பழக்கம் இருக்கிறது. அதற்கு அந்தக் கட்டமே இல்லாமல் இருக்கலாம்.

யூ.ஏ.என். என்பது ஆளுக்கு ஒன்றாகத் தரும் பி.எஃப். எண். அதற்கு, "புதுசா எடுக்கணுமா?" என்று கேட்கும் முன் "பழசு இருக்கா?" என்று கேளுங்கள். ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் புதிது புதிதாக எடுத்துக் கொடுத்து, ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று எண் இருப்பது இந்தத் தொழிலில் சகஜம். பணம் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும். புதிதாக எடுப்பதென்றால், 2025 ஆகஸ்ட் முதல் உமங் செயலியில் முகம் காட்டித்தான் எடுக்க முடியும். ஆள் நேரில் இருக்க வேண்டும். அதனால் சேரும் நாளிலேயே முடித்துவிடுங்கள். மாதக் கடைசியில் ஆபீஸில் உட்கார்ந்து மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்ற காலம் போய்விட்டது. வங்கிக் கணக்கு அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். பாஸ்புக் முதல் பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள்.

சாரம் கட்டுபவர், ஹாய்ஸ்ட் (மாடிக்குப் பொருள் தூக்கும் இயந்திரம்) இயக்குபவர், வெல்டர், எலக்ட்ரீஷியன் ஆகியோருக்குக் கூடுதலாக உரிமம், மருத்துவப் பரிசோதனை, பயிற்சி ஆகியவற்றின் காலாவதித் தேதி வேண்டும். "உரிமம் உண்டு" என்ற டிக் மார்க்கால் பயனில்லை. தேதி இருந்தால்தான் முப்பது நாள் முன்னால் வடிகட்டிப் பார்க்க முடியும். ஆணும் பெண்ணுமாகத் தொழிலாளர்கள் 50-க்கு மேல் போனால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக அறை வைக்க வேண்டும் என்பதால், லேபர் ஷெட்டில் தங்கும் குழந்தைகளின் பெயர், வயதையும் அறை எண்ணோடு எழுதிவைப்பது நல்லது.

இவ்வளவையும் கேட்டால் கான்கிரீட் போடும் நாளில் மேஸ்திரி சண்டைக்கு வருவார். "வண்டி கெளம்பிடுச்சு சார், பத்து ஆளு புதுசா வந்திருக்கான், பேப்பரெல்லாம் நாளைக்குத் தர்றேன்" என்பார். எந்த முறையும் உடைவது அந்த நாளில்தான். அதற்கென்று சிவப்பு நிறத்தில் இருபது தற்காலிக டோக்கன் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆளின் போட்டோ, பெயர், அவர் போன், வீட்டு போன்: இந்த நான்கை மட்டும் வாங்கிக்கொண்டு, ஹெல்மெட்டும் பாதுகாப்பு விளக்கமும் கொடுத்து உள்ளே விடலாம். அன்று மாலையோடு டோக்கன் செல்லாது. மறுநாள் முழுப் பதிவு, இல்லாவிட்டால் கேட்டுக்கு வெளியே. ஒருமுறை விட்டுக்கொடுத்தால் சிவப்பு டோக்கனே நிரந்தர டோக்கன் ஆகிவிடும்.

அடுத்தது கேட். இங்கே பழைய டோக்கன் பலகையைவிடச் சிறந்த ஒன்றை நூறு பேர் சைட்டுக்கு எனக்குத் தோன்றவில்லை. ஒரு பிளைவுட் பலகை, வரிசையாக ஆணி, ஒவ்வோர் ஆணிக்கும் மேல் ஆள் எண், ஆணியில் அதே எண் பொறித்த பிளாஸ்டிக் வில்லை. உள்ளே போகும்போது எடுத்துக்கொண்டு போக வேண்டும், வெளியே வரும்போது மாட்டிவிட்டு வர வேண்டும். வெறும் ஆணி என்றால் ஆள் உள்ளே இருக்கிறார். பலகை கேட்டுக்கு வெளிப்புறம், செக்யூரிட்டி அறையில் இருக்க வேண்டும். கட்டடத்துக்குள் மாட்டினால் தேவைப்படும் நாளில் அதுவும் உள்ளே மாட்டிக்கொள்ளும். காலை எட்டரைக்கும், சாப்பாடு முடிந்து ஒன்றே முக்காலுக்கும் பலகையைப் போட்டோ எடுத்து குரூப்பில் போடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்புக்கு இது நல்ல உபயோகம்: நேரத்தோடு பதிவாகிவிடும், யாரும் பின்னால் திருத்த முடியாது. ஒரே ஒரு விதி: அவரவர் டோக்கனை அவரவர்தான் எடுக்க வேண்டும். ஒருவர் வந்து ஐந்தை அள்ளிக்கொண்டு போவதை செக்யூரிட்டி அனுமதித்தால் பலகை வெறும் அலங்காரம்.

ஒரு கேங்கின் ஒரு நாளைப் பாருங்கள். பூச்சு வேலை, செவ்வாய்க்கிழமை. மேஸ்திரி கொடுத்த சீட்டில் கொத்தனார் 8, பெரியாள் 4, சித்தாள் 5, ஆக 17. பலகையில் அந்த கேங்குக்கு வெறும் ஆணி 14. சூப்பர்வைசர் மாடி மாடியாகப் போய் எண்ணினால் 13. சீட்டுக்கும் பலகைக்கும் இடையே உள்ள மூவரில் இரண்டு பேர் அடுத்த தெருவில் மேஸ்திரி எடுத்திருக்கும் வேறொரு வீட்டு வேலையில் இருக்கிறார்கள்; கை பழக்கத்தில் இங்கேயும் எழுதிவிட்டார். மூன்றாவது ஆள் இன்னும் வரவில்லை, சாப்பாட்டுக்குப் பிறகு வருவார், அவருக்கு அரைநாள். பலகைக்கும் மாடிக்கும் இடையே உள்ள ஒருவர் பின்பக்கத் தகரத் தடுப்பின் இடுக்கு வழியாக டீக்கடைக்குப் போயிருக்கிறார். பணத்தைப் பார்த்தால் முதல் மூன்றுதான் கண்ணில் படும்: நாள் கூலி ஆட்களாக இருந்தால், தினம் கூடுதலாக எழுதிய இரண்டரை ஆள் கூலி, ஆளுக்கு 800 ரூபாய் என்று வைத்தாலும் 26 நாளுக்கு 52,000 ரூபாய். ஆனால் டீக்கடைக்குப் போனவர்தான் பெரிய ஓட்டை. ஏதாவது சரிந்தால், அங்கே இல்லாத ஆளைத் தேடிப் பத்துப் பேர் ஆபத்தான இடத்தில் இறங்குவார்கள். தகர இடுக்கை அன்றைக்கே அடைத்துவிடுங்கள்.

"பூச்சு வேலையைச் சதுர அடி ரேட்டுக்கு விட்டிருக்கிறேன், எத்தனை ஆள் வந்தால் எனக்கென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. வேலையைச் சதுர அடியில் கொடுத்தாலும் பொறுப்பு ஆள் கணக்கில்தான் வரும். மேஸ்திரி கூலி கொடுக்காமல் போனால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது நீங்கள், கொடுக்க வேண்டும். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டாமல் போனாலும் அதே கதைதான்.

இனி எக்செல். மூன்று தாள் போதும்: ஆள், நாள், பணம். பலரும் வருகைப் பதிவை 31 கட்டம் போட்டுக் காலண்டர் மாதிரி வைக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், கூட்டிப் பார்க்கத்தான் முடியாது. ஒரு ஆள், ஒரு நாள், ஒரு வரி என்று வையுங்கள்: தேதி, ஆள் எண், கேங், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், வேலைக் குறியீடு, எந்த மாடி, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) மணி. நூறு பேர், 26 நாள் என்றால் மாதம் 2,600 வரி; வருடத்துக்கு 31,200. எக்செல்லுக்கு இது தூசு. காலண்டர் வடிவம் வேண்டுமென்றால் எக்செல்லின் பிவட் என்ற தொகுக்கும் வசதியைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். காலண்டரிலிருந்து வரி வடிவத்துக்குத் திரும்புவதுதான் தலைவலி.

எக்செல்லில் ஒரு பொறி இருக்கிறது. எண்ணாக எழுதினால் 15 இலக்கத்துக்கு மேல் உள்ளதை அது பூஜ்யமாக்கிவிடும், முன்னால் உள்ள பூஜ்யத்தையும் விழுங்கிவிடும். 16, 17 இலக்க வங்கிக் கணக்கு எண்களின் கடைசி இலக்கம் இப்படித்தான் காணாமல் போகிறது. கூலி திரும்பி வந்த பிறகு வங்கியைத் திட்டிப் பயனில்லை. கணக்கு எண், யூ.ஏ.என்., ஈ.எஸ்.ஐ. எண் எல்லாக் கட்டத்தையும் முதலிலேயே "டெக்ஸ்ட்" ஆக்கிவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள்.

ஓ.டி.யை எப்போதும் மணியில் எழுதுங்கள். ராத்திரி கான்கிரீட் போட்டால் "ஒன்றரை ஆள்", "ரெண்டு ஆள்" என்று எழுதுவது நம் சைட்டுகளில் காலங்காலமாக இருக்கும் வழக்கம். மாதக் கடைசியில் கூட்டினால் 30 நாள் மாதத்தில் ஒருவர் 38 நாள் வேலை செய்திருப்பார். ஆய்வாளர் முன் அந்த மஸ்டரை வைக்கவே முடியாது. பணக் கணக்கிலும் அது குழப்பும். ஓர் ஆளுக்கு நாள் கூலி 800, வந்தது 24 நாள், ஓ.டி. 18 மணி என்று கொள்வோம். நாள் கூலி 19,200. ஓ.டி.க்கு இரட்டைக் கூலி: எட்டு மணிக்கு 800 என்றால் மணிக்கு 100, இரட்டித்தால் 200, ஆக 3,600. மொத்தம் 22,800. ஈ.எஸ்.ஐ. வரம்பான 21,000-க்குள் வருகிறாரா என்று பார்க்க ஓ.டி.யைச் சேர்க்கக் கூடாது. ஆகவே 19,200 என்பதால் அவர் உள்ளே வருகிறார். 2025 நவம்பர் வரை இருந்த பழைய ஈ.எஸ்.ஐ. சட்டத்தில், பங்களிப்பைக் கணக்கிட மட்டும் ஓ.டி.யையும் சேர்த்தார்கள்: 22,800-க்கு 0.75 சதவீதம், 171 ரூபாய் அவரிடம் பிடித்தம், 3.25 சதவீதம், 741 ரூபாய் வேலையளிப்பவர் பங்கு. ஓ.டி.யையும் ஆளாக்கி "28½ ஆள்" என்று எழுதியிருந்தால் இந்த இரண்டு கணக்கும் தப்பாகும்.

முன்பணத்தை கேங் பெயரில் எழுதாதீர்கள். ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிவர மேஸ்திரிக்குக் கொடுக்கும் தொகை, ரயில் டிக்கெட், வாரா வாரம் கொடுக்கும் செலவுக்காசு, எல்லாமே யார் கையில் எவ்வளவு போனது என்று ஆள் எண்ணில் ஏற வேண்டும். மொத்தமாக எழுதினால், நாலு பேர் சொல்லாமல் ஊருக்குப் போய்விடும்போது அவர்கள் பாக்கி மிச்சமிருக்கும் ஆட்கள் தலையில் விழும். அடுத்த வாரம் அவர்களும் போய்விடுவார்கள். சனிக்கிழமை கொடுக்கும் ரொக்கத்துக்குக் கையெழுத்தோ ரேகையோ வாங்கும்போது உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று தானும் கையெழுத்துப் போட வேண்டும்.

வேலைக் குறியீட்டைப் பன்னிரண்டு, பதினைந்துக்கு மேல் போக விடாதீர்கள். நாற்பது குறியீடு கொடுத்தால் சூப்பர்வைசர் முதல் ஒன்றையே எல்லாவற்றுக்கும் போடுவார். சென்ட்ரிங், கம்பி, கான்கிரீட், செங்கல், உள்பூச்சு, வெளிப்பூச்சு, டைல்ஸ், சுத்தம் செய்வது, இதோடு "திரும்பச் செய்தது", "பொருளுக்காகக் காத்திருந்தது" என்ற இரண்டும் கட்டாயம் இருக்கட்டும். யாரும் எழுத விரும்பாத அந்த இரண்டில்தான் பணம் கசிகிறது. 12 மி.மீ. பூச்சுக்கு ஒரு கொத்தனார் ஒரு நாளில் 8 சதுர மீட்டர், சுமார் 86 சதுர அடி என்பது பாடப்புத்தகக் கணக்கு. 3,200 சதுர அடிக்கு 37 கொத்தனார் நாள் ஆக வேண்டும். உங்கள் தாள் 52 காட்டினால் காரணம் இந்த மூன்றில் ஒன்று: பெயருக்கு எழுதிய ஆட்கள், சுவர் குண்டு குழியாக இருந்து பூச்சு தடிமனானது, அல்லது எம்.சாண்ட் வராமல் உட்கார்ந்திருந்தது. எது என்று குறியீடு சொல்லும். புத்தகக் கணக்கைவிட உங்கள் சைட்டின் முதல் இரண்டு மாடிக் கணக்குதான் மூன்றாவது மாடிக்குச் சரியான அளவுகோல். உள்பூச்சில் கை வேகமான கேங்குகள் புத்தகத்தை எளிதாகத் தாண்டும்.

பி.எஃப். விஷயத்தில் மேஸ்திரி அல்லது சப் கான்ட்ராக்டர் பில்லோடு சலான் வைத்தால் மட்டும் திருப்தி அடையாதீர்கள். முப்பது பேருக்குக் கட்டிய ஒரே சலானை மூன்று சைட்டில் காட்டிப் பில் வாங்குவது சர்வ சாதாரணம். சலானோடு ஈ.சி.ஆர். பட்டியலையும் (ஆள்வாரியாக யாருக்கு எவ்வளவு கட்டியது என்ற மாதப் பட்டியல்) வாங்கி, அதிலுள்ள யூ.ஏ.என். எண்களை உங்கள் நாள் தாளோடு ஒப்பிடுங்கள். எக்செல்லில் ஐந்து நிமிட வேலை. பட்டியலில் உங்கள் ஆட்கள் இருந்தாலும் நிறுத்தாதீர்கள், என்.சி.பி. நாள் என்ற கட்டத்தைப் பாருங்கள். பங்களிப்பு இல்லாத நாட்கள் அது. உங்கள் மஸ்டரில் 25 நாள் வந்த ஆளுக்கு அங்கே 20 என்று இருந்தால், பத்து நாள் சம்பளத்துக்குத்தான் கட்டியிருக்கிறார். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டுக்கும் பணம் கட்டக் கெடு அடுத்த மாதம் 15-ஆம் தேதி. ஆகவே ஒவ்வொரு மாத பில்லிலும் முந்தைய மாதத்தின் ஒப்பீடு முடிந்திருக்க வேண்டும் என்று வேலை உத்தரவிலேயே எழுதிவிடுங்கள். பில் கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது.

சட்டப் படிவங்கள் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 1970-ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 1979-ஆம் வருட வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், 1996-ஆம் வருடக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் மூன்றையும் உள்ளடக்கிய தொகுப்பு உட்பட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஒப்பந்தத் தொழிலாளர் வரம்பு 20-லிருந்து 50-ஆகவும், வெளிமாநிலத் தொழிலாளர் வரம்பு 5-லிருந்து 10-ஆகவும் மாறியிருக்கிறது. தானாக ரயிலேறி வந்தவரும் இப்போது, சம்பளம் 18,000 வரை இருந்தால், வெளிமாநிலத் தொழிலாளர் கணக்கில் வருவார். யார் கூட்டிவந்தார்கள் என்ற வாதம் எடுபடாது. எல்லோருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். "மேஸ்திரி ஊர்ல இருக்கார், வந்து பாத்துக்கலாம்" என்று இழுத்தடிக்க முடியாது. ஆள் எண்ணில் பணம் ஏறியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை. படிவ எண் மாறும், பெயர் மாறும். கேட்கப்படும் விவரம் இந்த மூன்று தாளுக்குள்தான் சுற்றும். எந்தப் படிவம் வந்தாலும் அதிலிருந்து எடுத்துக் கொட்டலாம்.

போகும் ஆளுக்கு எத்தனை நாள் வேலை செய்தார் என்று கையெழுத்திட்ட ஒரு சீட்டு கொடுத்தனுப்புங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய, முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். நீங்கள் கட்டும் ஒரு சதவீத நலவரி போய்ச் சேருவது அந்த வாரியத்துக்குத்தான். சீட்டு இல்லாததால் ஆள் அதன் பலனை வாங்க முடியாமல் போவது அநியாயம்.

இதெல்லாம் மூன்று மாதம் ஓடிய பிறகு சாஃப்ட்வேர் பார்க்கலாம். இரண்டு மூன்று சைட் சேர்ந்தாலோ, ஆட்கள் 150-ஐத் தாண்டினாலோ அவசியமாகிவிடும். கைரேகைக் கருவியை வாங்காதீர்கள். சிமென்டின் காரமும் செங்கல்லின் சொரசொரப்பும் கொத்தனார் விரலில் ரேகையை வைத்திருக்காது. எட்டு மணிக்கு நாற்பது பேர் வரிசையில் நிற்க, கருவி "மீண்டும் வை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். செக்யூரிட்டி வெறுத்துப்போய்க் கேட்டைத் திறந்துவிடுவார். முகம் பார்க்கும் கருவி பரவாயில்லை. ஆனால் ஆளுக்குப் பின்னால் காலை வெயில் அடித்தால் முகம் கறுத்துவிடும், அதனால் கருவியை நிழலில், ஆள் வெளிச்சத்தைப் பார்த்து நிற்கும்படி வையுங்கள். விற்க வருபவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: நெட் இல்லாமல் ஓடுமா, இப்போது உள்ளே இருப்பவர் பட்டியலை ஒரே தட்டலில் தருமா, ஒரு ஆள் கேங் மாறினால் பழைய கணக்கு கெடாமல் இருக்குமா, சந்தாவை நிறுத்தினால் என் முழுத் தகவலும் எக்செல்லில் வருமா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அனுப்பிவிடுங்கள். வாங்கினாலும் ஆணிப் பலகையைக் கழற்ற வேண்டாம்.

ஆதார் நகல்களை இப்போதே கவனியுங்கள். உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நூறு பேரின் ஆதார் கிடக்கிறது என்றால், அந்த குரூப்பில் இருந்த, விலகிப்போன எல்லோருடைய போனிலும் அது இருக்கிறது. 2023-ஆம் வருட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி இதற்குப் பொறுப்பு உங்களுடையது. முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதார் நகல் வாங்குங்கள், ஒரே கம்ப்யூட்டரில் பூட்டிவையுங்கள், குரூப்பில் உள்ளதை அழிக்கச் சொல்லுங்கள்.

பதிவேடுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய ஒப்பந்தத் தொழிலாளர் விதி. பி.எஃப். கேள்வி அதற்குப் பிறகும் வரும், அதனால் நாள் தாளையும் பணத் தாளையும் பத்து வருடம் வைத்திருந்தாலும் நஷ்டமில்லை. மாதாமாதம் அச்செடுத்து மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கிய பிரதியை சைட் ஷெட்டில் வைக்காதீர்கள். வேலை முடிந்து ஷெட்டைப் பிரிக்கும் நாளில் அது பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்.